வக்கீலம்மாவின் ஓடிபி

அவள் வக்கீலுக்குப் படித்தவள் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பெரிய ஆஸ்பத்திரியில் பதினாலு வருஷமாகத் தரை துடைக்கிறாள், கழிவறை கழுவுகிறாள். ஆனால் வாயைத் திறந்தால் எதிரே நிற்பவர் வாயடைத்துப் போவார். அதனால் கூட வேலை செய்யும் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் வக்கீலம்மா. இப்போது சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பேன், லேமினேஷன் போடுவேன், விண்ணப்பம் எழுதித் தருவேன். எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். இதை எழுதும்போதும் அது இறங்கிவிடவில்லை.

அவளுக்கு அந்தப் பேர் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலை ஆபரேஷன் அறைக்கு வெளியே தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பெரிய டாக்டர் ஒருவர் ஷூவோடு ஈரத்தில் கால் வைத்தார்.

"சார், ஓரமா சுத்தி வாங்க."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும் சார். நீங்க உள்ள வேலை பாக்கறப்ப நான் வாளியோட நடுவுல வந்தா விடுவீங்களா?"

"அது வேற, இது வேற."

"எது சார் வேற? உங்க வேலைய நான் கெடுத்தா என்னைப் போலீஸ்ல புடிச்சுக் குடுப்பீங்க. என் வேலைய நீங்க கெடுத்தா நான் திரும்பத் துடைக்கணுமா?"

டாக்டர் ஷூவைப் பின்னால் இழுத்தார். பிறகு சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு போனார். அன்று மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரி முழுக்க அந்தப் பேர் பரவிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கும் கூடத்தை ஒட்டி இருபத்தெட்டு லைன் வீடுகள். அங்கே பிறக்கிறவர்கள் வளர்ந்ததும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு முன்பக்கம் வருவார்கள். வேறு தெருவில் வாடகைக்கு வீடு கேட்டால், "என்ன வேலை பாக்கறீங்க?" என்பார்கள். பதிலைக் கேட்டதும் அந்த வீடு நேற்றே யாருக்கோ போய்விட்டிருக்கும். வக்கீலம்மாவின் அம்மாவும் அந்த லைனில்தான் இருந்தாள், அதே ஆஸ்பத்திரியைத்தான் துடைத்தாள், முப்பது வருஷம். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நிறுத்தி, "நாளையிலேருந்து வர வேணாம்" என்றார்கள். ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. கேட்க அவளுக்கு வாய் இல்லை. அன்றைக்கு அம்மாவைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனவள் மகள்தான்.

அதனால் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. வேலை நிரந்தரம் என்று எழுதிய ஒரு தாள். நிரந்தரமானால் காய்ச்சல் வந்தால் லீவு உண்டு. எவனும் வாசலில் நிறுத்தி வராதே என்று சொல்ல முடியாது. அந்தத் தாளை லேமினேஷன் போட எவ்வளவு ஆகும் என்று என்னிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தாள். உனக்குச் சும்மா போட்டுத் தருகிறேன், போ என்றேன்.

இனி நான் செய்த காரியம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி எல்லா ஊழியர்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றியது. படிவத்தில் 'கைபேசி எண்' என்று ஒரு கட்டம். லைன் வீட்டுப் பெண்கள் இருபத்து மூணு பேர் என் கடைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருத்தி கையிலும் போன் இல்லை. வீட்டில் இருந்தது. புருஷன் சட்டைப் பையில், மகன் கையில், மச்சினன் இடுப்பில். எண் என்ன என்று கேட்டால் ஒருத்திக்கும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? தன் வீட்டுக்குத் தானே யார் போன் பண்ணுவார்கள்? கட்டத்தைக் காலியாக விட்டால் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா திருப்பி அனுப்பிவிடுகிறார். எனக்குப் பொறுமை போய்விட்டது. முதல் ஆளுக்கு என் கடை எண்ணை எழுதி ஜன்னலுக்கு அனுப்பினேன். வாங்கிக்கொண்டார்கள். இரண்டாவது ஆளுக்கும் எழுதினேன். அதையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகென்ன, இருபத்து மூணு பேருக்கும் ஒரே எண்.

"ஏதாவது சேதி வந்தா நான் கூப்பிட்டுச் சொல்றேன், போங்கடி" என்றேன்.

அப்படியே சொல்லியும் வந்தேன். யாருக்கு எந்த வார்டு, யாருக்கு எந்த ஷிப்ட் என்று என் போனுக்கு வரும். அவர்கள் சாலையைக் கடக்கும்போது கடையிலிருந்தே கத்துவேன். "அக்கா இருக்கற வரைக்கும் எங்களுக்கு எதுக்குப் போனு?" என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்வானேன்.

நடுவில் ஒரு வருஷம் வக்கீலம்மாவுக்குச் சிறந்த பணியாளர் என்று மேடையில் ஏற்றி ஒரு போன் பரிசு கொடுத்தார்கள். நாலு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஐந்தாம் நாள் அவள் புருஷனின் பழைய போன் தண்ணீரில் விழுந்தது. அவர் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். லாரி வந்தால் போனில்தான் கூப்பிடுவார்கள். "வீட்டுக்கு ஒண்ணு போதாதா?" என்றார். பரிசு அவர் சட்டைப் பைக்குப் போனது. அவர் மோசமான ஆள் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். வக்கீலம்மா அவரிடம் மட்டும் வாதாட மாட்டாள். வீட்டுக்குள்ள போயும் கோர்ட்டு நடத்தினா எங்க போய்த் தூங்கறது அக்கா என்பாள்.

இந்த வருஷம் அறிவிப்பு வந்தது. பத்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவர்கள் நிரந்தரமாகிறார்கள். ஒவ்வொருவரும் தங்கள் கைபேசிக்கு வரும் ஓடிபியைச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. திங்கட்கிழமை காலை என் போன் டிங்கென்றது. ஒரே ஒரு மெசேஜ். லைனில் எல்லோரும் குள்ளி என்று கூப்பிடும் பெண்ணுக்கு. மற்ற இருபத்திரண்டு பேருக்கு வருமென்று மத்தியானம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை.

போய்க் கேட்டோம். புது கம்ப்யூட்டரில் ஓர் எண்ணுக்கு ஓர் ஆள்தானாம். கடைசியாக ஏறிய பேர் நிற்குமாம், முன்னால் ஏறியதெல்லாம் போலிப் பதிவாம். கடைசியாக ஏறியவள் குள்ளி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று புரிந்தது.

"கக்கூஸ் கழுவறப்ப இருபத்து மூணு பேரு. கணக்கு எடுக்கறப்ப ஒருத்தியா?" என்று வக்கீலம்மா ஜன்னலில் கேட்டாள்.

"நான் என்னம்மா பண்றது? சிஸ்டம் எடுக்கல" என்றார் குமாஸ்தா.

"யாரு சார் அந்த சிஸ்டம்? எந்த ரூம்ல உக்காந்திருக்காரு? நான் நேர்ல பேசிக்கறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய டாக்டரையே சுற்றிப் போக வைத்தவள், வாதாட எதிரே ஒரு முகம் இல்லாமல் ஒரு கண்ணாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குமாஸ்தா நல்ல மாதிரிதான். வழி ஒன்று சொன்னார். ஆளுக்கு வேறொரு எண் கொண்டு வர வேண்டும். புதிதாக வாங்கிய எண் செல்லாது, ஒரு மாசமாவது ஓடியிருக்க வேண்டும். எண்ணைப் போட்டதும் அந்தப் போனுக்கு ஓடிபி போகும். பத்து நிமிஷத்துக்குள் அதை ஜன்னலில் சொல்ல வேண்டும். ஆளுக்கு இரண்டு தடவைதான்.

"என் எண்ண இவளுக்குப் போடுங்க சார்" என்றேன்.

"அதுலதான் அந்தக் குள்ளமான அம்மா இருக்காங்களே" என்றார்.

என்னிடம் இருப்பது அந்த ஒரே எண்தான். கடைக்கும் அதுதான், எனக்கும் அதுதான்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் லைன் வீடுகளில் ஒரே அமர்க்களம். புருஷனைக் கெஞ்சி, மகனை மிரட்டி, தம்பியை வேலைக்கு லீவு போட வைத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஜன்னலுக்குப் போனை அழைத்து வந்தார்கள். அழைத்து வந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போன் தனியாக வரவில்லை, பின்னாலேயே ஓர் ஆம்பளையும் வந்தான். ஓடிபியை அவனே படித்தான், அவனே சொன்னான். பக்கத்தில் அவள் சும்மா நின்றாள். ஒருத்தியின் மச்சினன், "உனக்கு நிரந்தரம் வாங்கிக் குடுத்தது நானு, ஞாபகம் வச்சுக்க" என்று என் காதுபடச் சொன்னான். இத்தனை வருஷம் வாளி தூக்கியது இவன் போலிருக்கிறது. செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது எனக்கு.

வக்கீலம்மாவின் புருஷனால் வர முடியவில்லை. சந்தையில் அந்த வாரம் லாரிக்கு மேல் லாரி. "நம்பரக் குடு, வந்தா சொல்றேன்" என்றார். வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, வேலைக்கு நடுவே, அவள் ஜன்னலில் எண்ணைக் கொடுத்தாள். ஓடிபி போனது. என் போனிலிருந்து கூப்பிட்டோம். மணி அடிக்கிறது, அடிக்கிறது, எடுப்பார் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டோம். சட்டை கிடங்குச் சுவரில் ஆணியில் தொங்கியதாம். போன் சட்டையில். அவர் லாரிமேல். ஒரு தடவை போச்சு.

அன்று சாயங்காலம் அவள் வாதாடவில்லை, கெஞ்சினாளாம். மறுநாள் அவளே சொன்னாள். "ஒரே ஒரு நாள் போனைக் குடுங்கன்னு கேட்டேன் அக்கா. லாரிக்காரன் எதுல கூப்பிடுவான்னாரு. அதுவும் நெசந்தானே? நாளைக்குக் கையிலயே வச்சிருக்கேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரு."

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வந்தாள். நான் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனேன். நகல் எடுக்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போகும்போது சாண் என்ன, முழம் என்ன? ஜன்னலில் எங்கள் முறை வரும்போது மணி நாலு இருபது.

"அனுப்பிட்டேன்மா. இதுதான் கடைசி. சொல்லுங்க" என்றார் குமாஸ்தா.

நான் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினேன். முதல் மணியிலேயே எடுத்தார். எனக்குப் போன உயிர் வந்தது.

"என்னங்க, மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சு. கையிலதான் வச்சிருக்கேன்."

"ஆறு நம்பர் இருக்கும் பாருங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க."

யாரோ ஒரு பையன் பக்கத்தில் எதையோ படித்துக் காட்டுவது கேட்டது. பிறகு, "சொல்ல மாட்டேன்" என்றார்.

"என்னது?"

"யாரு கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கு. இங்க ஒரு பையன் படிச்சுச் சொன்னான். போன வாரம் இப்படித்தான் நம்ம கூட தூக்கற ஒருத்தன் நம்பரச் சொல்லி பேங்குல இருந்த எல்லாத்தையும் தொலைச்சான்."

"ஐயோ, நான் உங்க பொண்டாட்டி பேசறேங்க!"

"பொண்டாட்டி குரல்லயே பேசுவானுங்களாம். அதையும் சொல்லித்தான் வச்சிருக்காங்க."

ஜன்னல் முன்னால் நின்ற கூட்டம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டது. ஒருத்தன் களுக்கென்று சிரித்தான். வக்கீலம்மா இடுப்பில் கையை வைத்தாள். வழக்கு தொடங்கிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"உங்க முதுகுல வலது பக்கம் பெரிய மச்சம் இருக்கா இல்லையா?"

"அது சந்தைக்கே தெரியும். சட்டை இல்லாமதானே மூட்டை தூக்கறேன்."

"நம்ம பெரியவ பொறந்தப்ப எங்க நின்னு அழுதீங்க?"

"அழவேயில்ல."

"பம்புசெட்டு ரூமுக்குப் பின்னால நின்னு மூக்க உறிஞ்சினீங்களே, நான் ஜன்னல்ல பாத்தேனே!"

குமாஸ்தா கையால் நாலு என்று காட்டினார். நாலு நிமிஷம்.

"இது அவ போன் நம்பர் இல்லையே" என்றார் அவர்.

"எனக்கு ஏதுங்க போன் நம்பர்? என் போனு உங்க கையிலதானே இருக்கு!" ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள், அப்படி அவள் கத்தி நான் கேட்டதில்லை.

நான் குறுக்கே புகுந்தேன். "நான் ஜெராக்ஸ் கடை அக்கா பேசறேன். அவதான் பேசறா. சொல்லுங்க, நேரம் போகுது."

"அக்கா, நீங்க யாருன்னும் எனக்கு எப்படித் தெரியும்? கோவிச்சுக்காதீங்க. சாயங்காலம் வீட்டுல அவகிட்ட நேராவே காட்டறேன்" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஏமாற்றுக்காரன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டால் எடுக்கக்கூடாது என்றும் யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

பத்து நிமிஷம் முடிந்தது. குமாஸ்தா எங்களைப் பார்க்காமல் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆறு மணிக்கு அவர் என் கடைக்கே வந்தார். அவள் கடை வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். தலையில் மூட்டைத் துணி கட்டியபடி, முகமெல்லாம் சிரிப்பாகப் போனை நீட்டினார். "இந்தா, பாரு. உன் குரல்லயே பேசி எப்படியெல்லாம் கேட்டான் தெரியுமா? ஒரு எண்ணுகூட நான் சொல்லலயே!"

அவள் அவரை அண்ணாந்து பார்த்தாள். நான் கடை உள்ளிருந்து, "அது அவதாங்க" என்றேன். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் தலைத்துணியை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், மறுபடி அவிழ்த்தார். "நல்லதுக்குன்னுதானே..." என்றார்.

"தெரியும்" என்றாள் அவள். "எல்லாரும் எனக்கு நல்லதுக்குன்னுதான் பண்றீங்க. அதனாலதான் யாரையும் திட்டக்கூட முடியல. வயிறு எரியுது."

திங்கட்கிழமை பட்டியல் ஒட்டினார்கள். லைன் வீட்டுப் பெண்கள் பத்தொன்பது பேர் நிரந்தரம். நாலு பேர் இல்லை, அதில் அவள் ஒருத்தி. மறுநாளே அந்த நாலு பேருக்கும் சூப்பர்வைசர் ஒரு காகிதத்தை நீட்டினார். ஆள் யார் என்று சரிபார்க்கும் வரை வேலை தற்காலிகம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம். அவள் அம்மாவுக்கு வாயால் சொன்னதை இவளுக்கு அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

முறையிட ஒரே வழி போனில்தான். எந்தப் போனிலிருந்தும் அனுப்பலாமாம், ஆனால் எழுதித்தான் அனுப்ப வேண்டும், நேரில் வந்தால் வாங்க மாட்டார்களாம். செவ்வாய் இரண்டரை மணிக்கு வந்தாள். நான் வழக்கம்போல் போனை எடுத்துக்கொண்டு, "சொல்லு, நான் அடிக்கறேன்" என்றேன்.

"குடு. நானே அடிக்கறேன்."

"உனக்குத் தெரியாதுடி. நேரமாகும்."

"எப்படித் தெரியும்? நாலு வருஷமா உன் கடைக்கு வர்றேன். ஒரு நாளாவது இத என் கையில குடுத்திருக்கியா? நான் படிக்குக் கீழ நிப்பேன், நீ மேல நின்னு படிச்சுச் சொல்லுவ. நகல் எடுக்க வர்றவங்கன்னா போனை வாங்கி அவங்களே பாக்கறாங்க. நான் கேக்கட்டும்னு இருந்தியா? குடுக்கணும்னே தோணலையா?"

உன் கை ஈரமாக இருக்குமே என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தோன்றவே இல்லை. அவர்கள் எல்லோரும் கீழே நின்று, "அக்கா, என்ன வந்திருக்கு?" என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மச்சினனைச் செருப்பால் அடிக்க நினைத்தவள் நான். வெட்கமாக இருந்தது. போனை நீட்டினேன்.

கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு வாங்கினாள். படியேறி உள்ளே வந்து, நகல் எந்திரத்துக்குப் பக்கத்தில் சாய்ந்து நின்று, தொடங்கினாள். எழுத்துகளைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அழுத்தினாள். 'நான்' என்று வர ஒரு நிமிஷம் ஆனது. தவறாக ஒன்று விழுந்தது, அதை அழிக்கத் தெரியாமல் பக்கத்திலேயே திரும்ப அடித்தாள். வெளியே இருவர் நகலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர், "சீக்கிரம்மா, அவசரம்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. அவள் தேடிக்கொண்டிருந்த எழுத்து என் கண்ணெதிரே இருந்தது. விரலை நீட்டினேன்.

"கைய எடு" என்றாள், நிமிராமலே.

எடுத்தேன்.